எர்ம்கார்ட் சீமாட்டியின் இடது கை

விடிந்ததும் எழுந்துவிடுவேன், சாமி. முகம் கழுவுவேன். வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய்க் கோட்டைச் சிற்றாலயத்தைத் திறப்பேன். முந்தின நாள் வந்தவர்கள் ஏற்றிய மெழுகுத்திரிகள் கல்லறைப் பலகைமேல் வழிந்து இறுகியிருக்கும். மழுங்கிய கத்தியால் சுரண்டுவேன். தேய்ந்த எழுத்துகளின் பள்ளத்தில் இறங்கிய மெழுகை எடுக்கக் கத்தி உதவாது, எலும்பு ஊசி வேண்டும். பிறகு தரையைத் துடைப்பேன். பிறகு கதவைத் திறந்து வைப்பேன். அதற்குள் வெளியே பத்துப் பேராவது நின்றுகொண்டிருப்பார்கள்.

ஆறு மாதமாக இதுதான் என் காலை. மற்ற நேரத்தில் எல்ஸ்வேர்ட் குடும்பத்தின் கடிதங்களை எழுதுகிறேன்.

எர்ம்கார்ட் சீமாட்டியின் அற்புதங்களை விசாரிக்கப் பேராயர் உங்களை அனுப்பியிருக்கிறார். குடும்ப வரலாற்றை எழுதியவன் என்பதால் முதல் சாட்சியாக என்னை அழைத்திருக்கிறீர்கள். சீமாட்டியைப் பற்றி உனக்கு எப்படித் தெரியும் என்பது உங்கள் முதல் கேள்வி. நான்தான் அவரை உண்டாக்கினேன். அதனால் தெரியும்.

உங்கள் எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மெதுவாகவே சொல்கிறேன்.

முதலில், எனக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். பங்குக் கோவிலில் இறந்தோர் பதிவேடு இருக்கிறது. அதில் என் மனைவி ஹில்லேயின் பெயர் ஒரு வரியாக ஏற வேண்டும். ஏறினால் வருடத்துக்கு ஒரு நாள் பீடத்தில் அவள் பெயரை வாசிப்பார்கள், அவள் ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்வார்கள். ஏறாவிட்டால், உத்தரிக்கிற ஸ்தலத்தில் பாவம் தீரக் காத்திருக்கும் அவளுக்காகக் கேட்க ஆளில்லை. பங்குக் குருவிடம் கேட்டேன். இறந்த நாளும் இறந்த விதமும் தெரியாமல் எழுத முடியாது, பேராயரின் ஆளிடம் சொல்லிக்கொள் என்றார். சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நான் லுவேன் கல்லூரியில் நான்கு வருடம் படித்தேன். திரும்பி வந்ததும் எல்ஸ்வேர்ட் கோட்டையின் ஸ்வேடர் பிரபு என்னை வேலைக்கு வைத்துக்கொண்டார். அவருடைய இளைய மகன் பேரெண்டைப் புனித ஜோரிஸ் வீரத் துறவியர் மடத்தில் சேர்க்க வேண்டும். மடத்தில் இடம் கிடைக்க வேண்டுமானால் பையனின் பூட்டன் பூட்டி எட்டுப் பேரும் பிரபு வம்சம் என்று காட்ட வேண்டும். ஒரு நாள் நான் கண்டுபிடித்த பெயர்களை எடுத்துக்கொண்டு அவர்முன் போய் நின்றேன்.

“ஏழு பேர் இருக்காங்க. எட்டாவது யாரு?” என்றார்.

“கெரிட், எஜமான். உங்க தாத்தா.”

“அவருக்கென்ன குறை?”

“மண்வெட்டியப் பிடுங்கினவரு.”

இந்த ஆற்றுப் பக்கத்துச் சட்டம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வெள்ளத்தைத் தடுக்கும் கரையில் தன் பங்கைச் செப்பனிட்டுக் காக்க முடியாதவன் மண்வெட்டியைக் கரைமேல் குத்தி வைத்துவிட்டு, முதுகில் தூக்க முடிந்ததோடு ஊரைவிட்டுப் போக வேண்டும். அதை யார் பிடுங்குகிறாரோ அவருக்கு நிலமும் கரையும். பெருவெள்ளத்துக்கு மறு வருடம் ஒரு வீரர் குடும்பம் அப்படிக் குத்திவிட்டுப் போனது. கூலிக்கு மண் சுமந்துகொண்டிருந்த கெரிட் பிடுங்கினார். அவர் மகன் மதில் கட்டினார். பேரன் ஸ்வேடர் அகழி வெட்டி, கேடயத்தில் சிங்கம் வரைந்துகொண்டார். மூன்று தலைமுறைக்கு முன்னால் இந்தக் குடும்பம் யாருடையது என்று யாருக்கும் தெரியாது. கெரிட்டுக்கே தன் தாத்தாவின் பெயர் தெரியாது என்று ஊரில் சொல்வார்கள்.

“மண்வெட்டி வேண்டாம். வாளா மாத்திடு,” என்றார் பிரபு.

“வாள் எல்லாக் குடும்பத்துலயும் இருக்கு, எஜமான்.”

“அதுவும் சரிதான். க்ளீவ் வீட்டுக்காரங்க வம்சக் கதையில படகு இழுக்கிற அன்னம் இருக்கு. நமக்குன்னு ஒண்ணு வேணும்ல?”

“பறவையா?”

“பறவை வேண்டாம்ப்பா. ரெண்டாவது ஆள் சொன்னா காப்பியடிச்சோம்பாங்க. ஒரு பொம்பளையப் போடு. நல்ல பொம்பளையா இருக்கணும், செத்தும் ரொம்ப நாளாகியிருக்கணும்.”

அப்படி வந்தவர்தான் எர்ம்கார்ட். கடல் கடந்த ஒரு ராஜாவின் மகள். நூற்றெண்பது வருடத்துக்கு முன்பு, வெள்ளத்தின்போது, துடுப்பில்லாத படகில் தனியாக இந்த ஆற்றோடு வந்தாள். கரையில் இறங்கும்போது கட்டுக்கயிறு அவள் இடது சுண்டுவிரலில் சுற்றி, நுனியை அறுத்துக்கொண்டு போனது. அழாமல், இது ஆற்றுக்கு நான் கட்டும் சுங்கம் என்றாள். அன்று முதல் அந்த இடத்தில் கரை உடையவில்லை. அவள் பேரனின் மகன் கெரிட். இதை நல்ல லத்தீனில் பதினான்கு பக்கம் எழுதினேன். பழைய தோலில், பழைய எழுத்து வடிவத்தில், முந்தைய நூற்றாண்டுத் துறவி ஒருவர் எழுதியதுபோல.

முடிவில் ஒரு வரி. அவள் உடல் கோட்டைச் சிற்றாலயத்தில் இன்றும் அழியாமல் இருக்கிறது. சிற்றாலயத் தரையில் எழுத்து தேய்ந்துபோன பலகை ஒன்று கிடந்தது. அதைப் பார்த்தபோது தோன்றிய வரி. அழகான வரி என்று பட்டது. யாரும் கல்லைப் புரட்டிப் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

ஹில்லேக்கு அன்றன்று எழுதியதை வீட்டில் வாசித்துக் காட்டுவது வழக்கம். அவள் விலாங்கு பிடிப்பவரின் மகள். லத்தீன் தெரியாது. நம் பேச்சில் மாற்றிச் சொல்வேன். அன்று விலாங்குக்குத் தோல் உரித்துக்கொண்டே கேட்டாள். விரல் வந்த இடத்தில் கை நின்றது.

“ஏன் பண்டிதரே, ராஜா மகளுக்குக் குடுக்க உங்களுக்கு வேற விரலே கிடைக்கலியா?”

“தெரிஞ்சதத்தானே எழுத வரும்.”

“விரலோட நிறுத்தினீங்களே, நல்ல காலம். என் மூக்கையும் குடுத்திருந்தா அந்த வம்சத்துல ஒருத்தருக்கும் கல்யாணம் ஆகியிருக்காது.” தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தாள். சுண்டுவிரலில் மேல் கணு இல்லை. “அந்தம்மா விரல் சுங்கத்துக்குப் போச்சு. என்னுது எங்கப்பா கத்தி பட்டு வாளியில விழுந்துச்சு. அவரும் தேடிப் பார்த்தாரு, கிடைக்கல. ‘போகட்டும், சந்தையில யாருக்கோ ஒரு துண்டு கூடுதலாப் போகும்’னாரு. இதையும் எழுதிக்கோங்க.”

எழுதவில்லை. ஆனால் விரலை மாற்றவுமில்லை. அவளுக்கு நான் கொடுத்த பரிசு அது என்று நினைத்தேன். அவளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். கோபம் வந்தால், ராஜா மகள்கிட்ட பேசுறோங்கிற நெனப்பு இருக்கட்டும் என்பாள்.

பிரபு முத்திரை வைத்தார். சுவடியும் அதன் நகலும் மடத்துக்குப் போயின.

அங்கே வம்சங்களைச் சரிபார்ப்பவர் ரிகவுட் சகோதரர். வயதானவர், ஒரு கண் பூ விழுந்தவர், எதையும் இரண்டு முறை படிப்பவர். ஜனவரியில், மூன்று அரசர் திருநாள் முடிந்து இரண்டாம் நாள் அவர் கடிதம் வந்தது. வரலாறு மனத்தைத் தொட்டது என்று எழுதியிருந்தார். பிப்ரவரி ஐந்தில், புனித அகத்தாள் திருநாளன்று நேரில் வந்து, கல்லறையைத் திறந்து, சீமாட்டியின் உடலையும் இடது கையையும் பார்த்து வணங்கிவிட்டு, பையனைச் சேர்த்துக்கொள்வதாகவும் எழுதியிருந்தார்.

அன்றே பலகையை நெம்பிப் பார்த்தேன். சுண்ணாம்பும், உடைந்த குடமும், ஓர் ஆட்டுத் தாடையும் இருந்தன.

“ஆட்டுக்கு விரல் கிடையாதுல்ல?” என்று பிரபு கேட்டார்.

“கிடையாது, எஜமான்.”

“பழைய எலும்பு ஏதாவது போட்டா?”

“அழியாத உடல்னு எழுதியிருக்கு.”

“உன்ன யார் அப்படி எழுதச் சொன்னது?” எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “இங்க பாரு லுப்பர்ட். எழுதினது உன் கை. முத்திரை மட்டுந்தான் என்னோடது. நீ அதத் திருடிப் போட்டேன்னு சொல்ல எனக்கு மனசு வராது. ஆனா சொல்ல வேண்டி வந்துரும். கல்லுக்கடியில என்ன இருக்கப்போகுதுன்னு நான் கேக்க மாட்டேன். இருக்கணும். அவ்வளவுதான்.”

பொய் ஆவணம் எழுதுகிறவனுக்கு இங்கே தண்டனை வலது கை. சந்தைத் திடலில், மணிக்கட்டோடு. எழுதிப் பிழைக்கிறவனுக்கு அது என்ன என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் தண்டனை இரண்டாவதுதான். நான் எழுதிய ஒரு வரி பொய்யாக நின்றது. கற்றவனுக்கு அது உறுத்தும். எர்ம்கார்டின் மற்றக் கதையை யாரும் பொய் என்று நிரூபிக்க முடியாது. அந்த ஒரு வரியை மட்டும் நெம்புகோல் வைத்திருப்பவன் எவனும் நிரூபிக்கலாம்.

ஹில்லே மூன்று அரசர் திருநாள் முதல் காய்ச்சலில் படுத்திருந்தாள். கடிதம் வந்தபோது மூன்றாம் நாள். கடுமையான காய்ச்சல். பக்கத்து வீட்டில் அதே காய்ச்சலில் இரண்டு பேர் போய்விட்டார்கள். அவளும் போய்விடுவாள் என்று எனக்குத் தோன்றியது நியாயமானதுதான். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அவள் நெற்றிக்குத் துணி மாற்றினேன். அவள் கை போர்வைக்கு வெளியே கிடந்தது. அந்த நேரத்தில் எனக்கு ஓர் எண்ணம் வந்தது என்று சொன்னால் சரியாக இருக்காது. அது ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. என் கையெழுத்தில், பதினான்காம் பக்கத்தில்.

மறுநாள் வாசலில் வைக்கோல் பிரி கட்டித் தொங்கவிட்டேன். கொள்ளைநோய் உள்ள வீட்டுக்குத்தான் அதைக் கட்டுவார்கள். இது கொள்ளைநோய் இல்லை. இருந்தாலும் கட்டினேன். பங்குக் குரு தெருவில் நின்று குரல் கொடுத்தார்.

“யாருக்குப்பா முடியல? ஹில்லேக்கா?”

“எனக்குத்தான், சாமி. அவ டெவென்டர்ல அக்கா வீட்டுக்குப் போயிட்டா. உறைஞ்ச ஆத்துமேல சறுக்கு வண்டியில.”

“நல்லதாப் போச்சு. உனக்கு அவஸ்தை பூச வரட்டுமா?”

“அவ்வளவு தூரம் போகல, சாமி.”

இதில் நான் யோசித்தது இவ்வளவுதான். அவள் இறந்தால் ஊருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் பங்குக் கல்லறையில் புதைக்க வேண்டும், பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். சாகப்போகிறவர்களுக்குப் பூசும் கடைசித் தைலமான அவஸ்தை பூசக் குரு உள்ளே வந்தால் தெரிந்துவிடும். ஆகவே அவர் வர முடியவில்லை. ஹில்லே அவரைக் கேட்டாள். ஒரு முறை இல்லை. பனி அதிகம், வர முடியாதாம் என்று சொன்னேன். அவர் பேசும் குரல் கேட்கிறதே என்றாள். காய்ச்சலில் அப்படித்தான் கேட்கும் என்றேன். அவள் என்னை நம்பினாள். நான் படித்தவன் அல்லவா.

பிப்ரவரி இரண்டு, மெழுகுத்திரித் திருநாளன்று ஊர் முழுவதும் பங்குக் கோவிலில் இருந்தது. சிற்றாலயத்தில் ஆளில்லை. விருந்தாளி வருகிறார் என்று கொத்தனார்கள் பலகையை முன்பே தளர்த்தி உருளைமேல் வைத்திருந்தார்கள். கரையோரக் கால்வாய் நன்றாக உறைந்திருந்தது. அவள் அப்பாவின் சறுக்கு வண்டி வீட்டில் இருந்தது. மூடுபனி. காலைப் பூசை முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முகத்தை மூன்று மடிப்புத் துணியால் சுற்றினேன். இடது கையை மட்டும் மேலே எடுத்து மார்பில் வைத்தேன். அவளுடைய நல்ல உடை கறுப்பு. அதை உடுத்திவிடவில்லை. வெள்ளைத் துணி.

மூன்று நாள் கழித்து ரிகவுட் சகோதரர் வந்தார். பலகை நகர்ந்தது. உறைபனியால் துணி விறைத்திருந்தது. அவர் மண்டியிட்டு, நல்ல கண்ணை அருகில் கொண்டுபோய், அந்த விரலைப் பார்த்தார். தொட்டார்.

“நூத்தியெம்பது வருஷம்,” என்றார். “நகத்துல இன்னும் நிறம் இருக்கே.”

ஸ்வேடர் பிரபு அழுதார். நடிப்பில்லை. தன் பூட்டனின் பாட்டியை முதன்முறையாகப் பார்க்கிறவர் அழுவதுபோல அழுதார். முகத்துணியை எடுக்கட்டுமா என்று கொத்தனார் கேட்டார். ரிகவுட் சகோதரர் அவர் கையைத் தட்டிவிட்டார்.

“அந்த முகத்தப் பார்க்க நமக்கு என்னப்பா யோக்கியதை இருக்கு? மூடு.” பிறகு என் பக்கம் திரும்பினார். “தம்பி, நாப்பது வருஷமா வம்சப் பத்திரம் படிக்கிறேன். அத்தனையும் புளுகு. எழுதினபடியே இருந்தது இது ஒண்ணுதான்.”

அது உண்மைதான். எழுதினபடியே இருந்தது.

பேரெண்டுக்கு இடம் கிடைத்தது. அடுத்த வாரம் பால்காரி ஒருத்தி சிற்றாலயத்தில் வேண்டிக்கொண்டாள், அவள் பசுவுக்கு மடிக்கட்டு கரைந்தது. பிறகு கூட்டம் வர ஆரம்பித்தது. ஏப்ரலில் ஹில்லேயின் அக்கா ஆள் அனுப்பி, தங்கை ஏன் வரவேயில்லை என்று கேட்டாள். வழியில் ஆற்றுப் பனி உடைந்து வண்டியோடு மூழ்கியிருப்பாள் என்று ஊரே முடிவு செய்தது. நான் சொல்லவில்லை. ஒருவர் வண்டி போவதைப் பார்த்ததாகச் சொன்னார். இன்னொருவர் சத்தம் கேட்டதாகச் சொன்னார். ஒரு வரலாறு எப்படி உண்டாகிறது என்று லுவேனில் எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை.

நீங்கள் இப்போது எழுத்தரை வெளியே அனுப்பிவிட்டீர்கள். பரவாயில்லை. நீங்களே எழுதிக்கொள்ளலாம்.

“ஒரு வரிக்காகவா இத்தனையும் சொல்ற?” என்று கேட்கிறீர்கள். “அந்த வரி ஏறினா கல்லறையத் திறக்கணும். பேரெண்டு வெளிய வரணும். ஸ்வேடர் தலை குனியணும். உனக்குக் கை இல்லப்பா, கழுத்து. இத்தனை சனங்க கும்பிடுது. அவளுக்கு உன் வரியவிட இது நல்லதுதானே?”

அவளை யாரும் கும்பிடவில்லை, சாமி. எர்ம்கார்டைக் கும்பிடுகிறார்கள். ஒவ்வொரு நாளும் முப்பது பேர் அவள்மேல் மண்டியிட்டு அவளிடமே கேட்கிறார்கள். பசுவுக்கு, பல்வலிக்கு, பிள்ளைக்கு. அவளுக்காக ஒருவரும் கேட்பதில்லை. புனிதைக்காக யார் வேண்டிக்கொள்வார்கள்? அவள் பெயரைச் சொல்ல இந்த ஊரில் நான் மட்டும்தான் இருக்கிறேன். என் வேண்டுதல் போய்ச் சேரும் நிலையில் நானில்லை. அவளுக்குச் செய்ய வேண்டியது இது ஒன்றுதான் பாக்கி. மற்றபடி நான் அவளுக்கு ஒரு குறையும் வைத்ததாக நினைக்கவில்லை.

வரியை நானே எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். பதிவேட்டின் வழக்கப்படி. “பிப்ரவரி ஒன்று. ஹில்லே, எழுத்தர் லுப்பர்ட்டின் மனைவி. நீண்ட காய்ச்சலுக்குப் பின், இயேசுவின் திருநாமத்தை உச்சரித்தபடி அமைதியாக உயிர்விட்டாள்.”

நாள் உறுதியா என்று கேட்கிறீர்கள். ஒன்றாகவும் இருக்கலாம், இரண்டாகவும் இருக்கலாம். நான் அங்கே இல்லை. ஜனவரி முப்பத்தோராம் தேதி காலையில், எனக்குக் குணமாகிவிட்டது என்று சொல்லிக் கோட்டைக்குப் போனேன். விருந்தாளிக்கு வாசித்துக் காட்ட வரலாற்றின் சுத்தப் பிரதி ஒன்று முடிக்க வேண்டியிருந்தது. இரண்டு நாள் வேலை. அங்கேயே தங்கிவிட்டேன். மெழுகுத்திரித் திருநாள் காலையில்தான் வீட்டுக்கு வந்தேன்.

அடுப்பா? முப்பத்தோராம் தேதி அணைத்தேன். ஜன்னலையும் திறந்து வைத்தேன். உடல் கெடாமல் இருக்க வீடு குளிர்ந்திருக்க வேண்டும் அல்லவா.

ஆமாம், அப்போது உயிரோடு இருந்தாள். அதை மறைக்கவில்லை. முதல் நாள் மாலையே காய்ச்சல் விட்டுவிட்டது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. இருபத்தைந்து நாள் காய்ச்சலுக்குப் பிறகு அப்படி ஒரு விடுதல் வருவது நல்லதற்கில்லை என்று சில மருத்துவ நூல்களில் படித்திருக்கிறேன். விளக்கு அணைவதற்கு முன் ஒரு முறை பிரகாசிக்கும் என்பார்கள். அவள் பிழைக்கமாட்டாள் என்றுதான் முடிவு செய்தேன். கதவை வெளியே பூட்டினேன், வைக்கோல் பிரியைப் பார்க்காமல் யாராவது உள்ளே நுழைந்துவிடக் கூடாதே என்று. எழுந்து நடக்கத் தெம்பு இல்லை அவளுக்கு. அகத்தாள் திருநாளுக்கு ஐந்து நாள் இருந்தது.

இயேசுவின் திருநாமம் என்ற பகுதியை அடித்துவிடுங்கள். அது நான் இயற்றியது. அப்படி எழுதுவதுதான் வழக்கம்.

அவள் என்ன சொன்னாள் என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். பதிவேட்டுக்கு அது தேவை என்றால் சொல்கிறேன். அன்று காலை கோட்டைக்குக் கிளம்ப, நான் கதவருகே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அவள் சுவரைப் பிடித்து, தானாகவே எழுந்து உட்கார்ந்தாள்.

“போறதுக்கு முன்னாடி அடுப்ப மூட்டிட்டுப் போங்க,” என்றாள். “பசிக்குது.”